உங்களுக்குத் தெரியுமா? மட்டாஞ்சேரித் தண்ணீர் கண்ட போர்கள்

மட்டாஞ்சேரிப் படகுத்துறையில் நின்று கிழக்கே பார்த்தால் காயலுக்கு அப்பால் வில்லிங்டன் தீவு தெரியும். அதன் தென்கோடியில் இந்தியக் கடற்படையின் தளம். முதுகுக்குப் பின்னால் மிளகும் சுக்கும் மணக்கும் பண்டகசாலைகள். ஊர் பார்க்க வருகிறவர்கள் அரண்மனைக்கும் யூதர் ஆலயத்துக்கும் போய்விட்டுத் திரும்பிவிடுகிறார்கள். எனக்கு இந்த ஊரில் முதலில் பார்க்க வேண்டியது தண்ணீர்தான். ஐந்நூறு ஆண்டுகளுக்கு மேலாக இதன் மேல் போர் நடந்திருக்கிறது. பீரங்கியை நம்பி வந்தவரைவிடத் தண்ணீரின் குணம் அறிந்தவரே இங்கே பெரும்பாலும் நின்று பிடித்தார்கள்.

● டார்பிடோ என்பது முதலில் ஒரு மீனின் பெயர். தொட்டால் மின்சாரம் பாய்ச்சும் திருக்கை வகைக்கு லத்தீனில் அந்தப் பெயர். மரத்துப்போதல் என்ற பொருளுடைய வேரிலிருந்து பிறந்த சொல். நம் கடலிலும் மின்திருக்கை உண்டு. வலையில் சிக்கியதை வெறுங்கையால் தூக்கினால் கை சுண்டி இழுக்கும்.

● 1860-களில் அமெரிக்க உள்நாட்டுப் போர் நடந்தபோது டார்பிடோ என்றால் தண்ணீரில் மிதக்கவிட்ட கண்ணிவெடி. அது இருந்த இடத்திலேயே கிடக்கும். கப்பல்தான் வந்து முட்ட வேண்டும். தானே ஓடிப் போய்த் தாக்குகிற டார்பிடோவை 1866-ல் ராபர்ட் ஒயிட்ஹெட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் ஃபியூமே துறைமுகத்தில் செய்து காட்டினார். இன்று குரோவேஷியாவில் ரியேக்கா என்று வழங்கும் ஊர் அது. அழுத்திய காற்றால் அது ஓடியது. அதைவிடப் பெரிய சாதனை, நீருக்குள் ஒரே ஆழத்தில் தன்னை நிறுத்திக்கொள்ளும் கருவி. நீரின் அழுத்தத்தை உணரும் அடைப்பான் ஒன்று, ஊசல் ஒன்று: இந்த இரண்டும் சேர்ந்து சுக்கானை ஆட்டின. பல ஆண்டுகள் அது தொழிற்சாலை ரகசியமாகவே இருந்தது.

● கொச்சித் துறைமுகத்தைத் திறந்துவிட்டது ஒரு வெள்ளம். 1341-ல் பெரியாறு பெருக்கெடுத்தபோது கொடுங்கல்லூர்ப் பக்கத்துத் துறை மண்மூடிப் போனது, கொச்சியில் புதிய வாய் திறந்தது என்பது வழிவழியாக வரும் செய்தி. அந்தப் பழைய துறையின் பக்கம்தான் சங்க இலக்கியம் பாடும் முசிறி. சேரன் செங்குட்டுவனுக்குக் ‘கடல் பிறக்கோட்டிய’ என்று பட்டம் இருக்கிறது. கடலையே புறமுதுகு காட்ட வைத்தவன் என்று பொருள். பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்தில் பரணர் பாடியது அவனைத்தான். ஆக, கேரளக் கடற்போரின் மிகப் பழைய பதிவுகளில் சில தமிழில் இருக்கின்றன.

● ஏறக்குறைய ஒரு மீட்டர் தண்ணீரை நம்பி ஒரு போர் நடந்தது தெரியுமா?

ஆண்டு 1504. கொச்சி அரசர் போர்த்துக்கீசியருக்கு மிளகு வாங்க இடம் கொடுத்திருந்தார். கோழிக்கோட்டுச் சாமூதிரி அதைப் பொறுக்கவில்லை. முந்தைய ஆண்டே படையெடுத்து வந்து கொச்சி அரசரை வைப்பின் தீவுக்கு ஓட வைத்திருந்தார். 1504 தொடக்கத்தில் பெரிய போர்த்துக்கீசியக் கப்பல்கள் சரக்கோடு ஊர் திரும்பிவிட, துவார்த்தே பச்சேக்கோ பெரைரா என்ற தளபதியும் சுமார் 150 பேரும் மட்டும் கொச்சியில் மிஞ்சினார்கள். கப்பல்கள் இரண்டு மூன்று. எதிரே வந்தது 50,000-க்கும் மேற்பட்ட படை என்று போர்த்துக்கீசிய வரலாறுகள் எழுதுகின்றன. வென்றவன் எழுதிய கணக்கு என்பதால் பாதியாகக் குறைத்துக்கொண்டாலும் அது பெரும்படைதான்.

பச்சேக்கோ செய்தது தண்ணீரைப் படித்ததுதான். கோழிக்கோட்டுப் படை நிலவழியாக வந்து, காயலைக் கடந்துதான் கொச்சிக்குள் நுழைய வேண்டும். கடக்கும் இடங்கள் சிலதான். கும்பளம் பக்கத்தில் ஒரு துறை, படகுக்கு ஆழம் உள்ள இடம். சற்றுத் தள்ளி இன்னொரு துறை, வற்றத்தின் போது ஆட்கள் நடந்தே இறங்கிவிடக்கூடிய இடம். ஏற்றத்தில் முதல் துறை ஆபத்து. வற்றத்தில் இரண்டாவது துறை ஆபத்து. இரண்டும் ஒரே நேரத்தில் ஆபத்தாக முடியாது. கொச்சியில் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஏறத்தாழ ஒரு மீட்டருக்குள்தான். அந்த ஒரு மீட்டரைக் கடிகாரமாக வைத்துக்கொண்டு அவர் இரண்டு துறைக்கும் மாறி மாறி ஓடினார். சேற்றில் கூர்முளைகளை அடித்து வைத்தார். கப்பல்களைக் கயிற்றால் பிணைத்துக் கால்வாயை அடைத்தார். மார்ச்சில் தொடங்கிய போர் ஜூலை வரை நீண்டது. மழை வந்தது, சாமூதிரியின் பாசறையில் நோய் பரவியது. கடைசியில் அவர் படையைத் திரும்ப அழைத்துக்கொண்டார்.

இதில் பாடப்படாதவர்கள் இருக்கிறார்கள். எந்தத் துறை எப்போது வற்றும் என்பது லிஸ்பனிலிருந்து வந்தவருக்குத் தானாகத் தெரிந்திருக்க வழியில்லை. காயல் ஓரத்தில் வலை வீசியவர்களும் வள்ளம் ஊன்றியவர்களும் சொல்லியிருக்க வேண்டும். கொச்சி அரசரின் படையும் கூடவே நின்றது. அவர்களில் ஒருவர் பெயர்கூட நம் பள்ளிப் புத்தகங்களில் இல்லை. எனக்கு அது உறுத்துகிறது.

● அதே போரில் சாமூதிரி பக்கம் ஓர் அபாரமான யோசனை செயலுக்கு வந்தது. இரண்டிரண்டு படகுகளைச் சேர்த்துக் கட்டி, மேலே மரக்கோபுரம் எழுப்பி, பீரங்கியும் ஆளுமாக ஏற்றிய மிதக்கும் கோட்டைகள். எட்டுக் கோட்டைகள் வந்தன என்கிறார்கள். போர்த்துக்கீசியர் தங்கள் கப்பல்களுக்கு முன்னால் நீண்ட மரங்களைப் பிணைத்து மிதக்கவிட்டு, கோபுரங்கள் ஒட்டி வராமல் தடுத்தார்கள். நெருப்பு மூட்டிய தெப்பங்களும் அதே மரங்களில் தட்டி நின்றன. பிற்காலத்தில் டார்பிடோவுக்கு அஞ்சித் துறைமுக வாயில்களில் இரும்பு வலை கட்டினார்கள் அல்லவா? அந்த வலையின் மூத்த உறவு இந்த மிதக்கும் மரம்.

● சாமூதிரிக்குப் பீரங்கி வார்த்துக் கொடுத்தவர்கள் இத்தாலியர் இருவர். போர்த்துக்கீசியக் கப்பலில் வந்து இறங்கி, கோழிக்கோட்டுக்கு மாறிக்கொண்டவர்கள்.

● பச்சேக்கோ நாடு திரும்பியபின் கடல்வழிகளைப் பற்றி ஒரு நூல் எழுதினார். கடல் ஏற்றம் வற்றம் பற்றிய கவனிப்பு அதில் நிறைய உண்டு. 1572-ல் அச்சான ‘லூசியாதஸ்’ காவியத்தில் கமோயிஷ் என்ற கவிஞர் அவரைக் கிரேக்க வீரன் அக்கிலீஸோடு ஒப்பிட்டுப் பாடினார். வாழ்வில் அவருக்குக் கிடைத்தது வேறு. ஆப்பிரிக்கக் கரையில் ஆளுநராக இருந்தவரைப் பிற்பாடு விலங்கிட்டு லிஸ்பனுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கிலீஸ் என்ற இந்தப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்; கொச்சிக்கு அது இன்னொரு முறை வரப்போகிறது.

● 16-ஆம் நூற்றாண்டின் முதற்பகுதியில் போர்த்துக்கல்லின் மிகப் பெரிய கப்பல்களில் ஒன்று கொச்சியில் கட்டப்பட்டது. பெயர் சாந்தா கத்தரீனா தொ மொந்தே சினாய். 1521-ல் போர்த்துக்கல் இளவரசி பியாட்ரிஸை மணமகளாகச் சவாய் நாட்டுக்கு ஏற்றிச் சென்றது அதுதான். அதைக் காட்டுவதாகக் கருதப்படும் ஓவியம் லண்டன் கிரீனிச் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஐந்நூறு ஆண்டு கழித்து, இதே காயல்கரையில் கொச்சின் ஷிப்யார்டு 262 மீட்டர் நீளமுள்ள விமானந்தாங்கிக் கப்பல் விக்ராந்தைக் கட்டி முடித்தது. 2022 செப்டம்பர் 2-ல் அது கடற்படையில் சேர்ந்தது.

● குஞ்ஞாலி மரைக்காயர்கள் கோழிக்கோட்டுக்கு முன் கொச்சிக்காரர்கள் என்பது மரபு. மரைக்காயர் வணிகர்கள் சோழமண்டலக் கரையிலிருந்து அரிசி கொண்டுவந்து கொச்சியில் விற்றார்கள். காயல்பட்டினத்தையும் கீழக்கரையையும் அறிந்தவர்களுக்கு அந்தப் பெயர் புதிதில்லை. போர்த்துக்கீசியர் வணிகத்தை நெருக்கியபோது அந்தக் குடும்பம் வடக்கே போய்ச் சாமூதிரியிடம் கடற்படைத் தலைமை ஏற்றது. அவர்கள் போர்முறை எளிது. துடுப்புப் போடும் சிறு படகுகள் பல, ஆற்று முகத்துவாரத்தில் மறைந்திருக்கும். காற்று விழுந்து பாய்க்கப்பல் நகர முடியாமல் நிற்கும் நேரம் பார்த்துச் சூழ்ந்துகொள்ளும். நான்காம் குஞ்ஞாலியைச் சாமூதிரியும் போர்த்துக்கீசியரும் சேர்ந்தே வீழ்த்தினார்கள். 1600-ல் கோவாவில் அவருக்கு மரண தண்டனை. மும்பையில் கடற்படைத் தளம் ஒன்று இன்று ஐ.என்.எஸ். குஞ்ஞாலி என்ற பெயரைத் தாங்குகிறது.

● மோகன்லால் நடித்து 2021-ல் வந்த ‘மரைக்காயர்’ படத்தின் கடற்போர்க் காட்சிகளைப் பார்த்து வியந்தவர்கள் உண்டு. அதன் கடல் பெரும்பாலும் ஐதராபாத் ராமோஜி ஃபிலிம் சிட்டியில் தொட்டி கட்டி உண்டாக்கியது.

● மட்டாஞ்சேரி அரண்மனையை எல்லாரும் டச்சு அரண்மனை என்கிறார்கள். 1555-ஐ ஒட்டி அதைக் கட்டிக் கொச்சி அரசர் வீரகேரளவர்மருக்குக் கொடுத்தவர்கள் போர்த்துக்கீசியர். டச்சுக்காரர் பழுதுபார்த்தார்கள், பெயர் அவர்களுக்குப் போய்விட்டது. அதன் பக்கத்திலேயே 1568-ல் எழுந்த பரதேசி யூதர் ஆலயம் 1662-ல் போர்த்துக்கீசியர் கையில் சேதமானது. யூதர்கள் டச்சுப் பக்கம் சாய்ந்தார்கள் என்பது கோபம். மறு ஆண்டு, 1663 ஜனவரியில், டச்சுக்காரர் கொச்சியைப் பிடித்தார்கள்.

● கோட்டைக் கொச்சியில் ‘வெளி’ என்ற பகுதியில் இன்றும் துணி துவைக்கும் தமிழ்க் குடும்பங்கள் இருக்கின்றன. தங்கள் முன்னோரை டச்சுக்காரர் படையுடுப்பு வெளுக்கக் கொண்டுவந்தார்கள் என்பது அவர்கள் வழக்கு. போர் வரலாற்றில் உடுப்பு வெளுத்த கைக்கும் ஒரு பத்தி வேண்டும் என்று நினைக்கிறேன்.

● வில்லிங்டன் தீவு இயற்கைத் தீவு இல்லை. 1920-ல் வந்த துறைமுகப் பொறியாளர் ராபர்ட் பிரிஸ்டோ, காயலைத் தூர்வாரிய மண்ணைக் கொட்டி அதை எழுப்பினார். அதற்கு முன் கொச்சியின் வாயில் மணல்திட்டு அடைத்துக் கிடந்தது. பெரிய கப்பல்கள் வெளிக்கடலில் நங்கூரம் இட்டு நிற்கும். சரக்கு வள்ளத்தில் போய்வரும். திட்டை வெட்டி வழி திறந்ததும் 1928 மே 26-ல் ‘பத்மா’ என்ற நீராவிக்கப்பல் உள்ளே வந்தது. இன்று போர்க்கப்பல்கள் நுழைவதும் அதே வழியில்தான்.

● ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னையில் குண்டு போட்டது எல்லாருக்கும் தெரியும்: 1914 செப்டம்பர் 22, எண்ணெய்த் தொட்டிகள் எரிந்த இரவு. அடுத்த மாதம் அது மினிக்காய் பக்கம் வந்து வணிகக் கப்பல்களை ஒன்றன்பின் ஒன்றாகப் பிடித்தது. பிடிபட்ட மாலுமிகளை எல்லாம் ‘செயின்ட் எக்பர்ட்’ என்ற கப்பலில் ஏற்றி விடுவித்தது. அந்தக் கப்பல் வந்து சேர்ந்த இடம் கொச்சி. பண்டகசாலைகளில் வேலை செய்தவர்கள் எம்டன் கதையை நேரில் பார்த்தவர் வாயாலேயே கேட்டிருப்பார்கள்.

அந்த மாதக் கடைசியில், அக்டோபர் 28-ல், எம்டன் பினாங்குத் துறைமுகத்துக்குள் புகுந்து ழெம்சுக் என்ற ரஷ்யப் போர்க்கப்பலை டார்பிடோவால் மூழ்கடித்தது. தமிழில் ‘அவன் பெரிய எம்டன்’ என்கிறோம். மலையாளத்தில் ‘எமண்டன்’ என்றால் பிரம்மாண்டம். இரண்டுக்கும் மூலம் இந்தக் கப்பல் என்றே சொல்வார்கள்.

● ஒரே நீர்மூழ்கி இந்திய வரலாற்றில் இரண்டு முறை வருகிறது. 1942 நவம்பர் 23-ல் பம்பாயிலிருந்து ஆப்பிரிக்காவுக்குப் போன ‘திலாவா’ பயணிக் கப்பலை ஜப்பானின் ஐ-29 டார்பிடோவால் மூழ்கடித்தது; 280 பேர் இறந்தார்கள், பெரும்பாலும் இந்தியர். ஐந்து மாதம் கழித்து, 1943 ஏப்ரல் கடைசியில், மடகாஸ்கருக்குத் தென்கிழக்கே ஜெர்மன் நீர்மூழ்கியிலிருந்து நேதாஜியை ரப்பர்ப் படகு வழியாக ஏற்றிக்கொண்டதும் அதே ஐ-29. இரண்டையும் ஒன்றாக நினைக்கும்போது மனம் எந்தப் பக்கமும் நிற்க மறுக்கிறது.

● நீர்மூழ்கிக் கதைகளின் பெரிய நாயகன் இந்தியன். ஜூல் வேர்னின் கேப்டன் நீமோவைத்தான் சொல்கிறேன். ‘மர்மத் தீவு’ நாவலில் அவர் புந்தேல்கண்ட் இளவரசர் தக்கார் என்று தெரியவருகிறது. 1857 கிளர்ச்சியில் எல்லாவற்றையும் இழந்தவர், திப்பு சுல்தானின் உறவு. அவருடைய நாட்டிலஸ் டார்பிடோ ஏவுவதில்லை, முகப்பால் முட்டித் துளைக்கும். முந்தைய நாவலில் இலங்கை முத்துக்குளிப்புக் கடலில் ஏழை முத்துக்குளியாளர் ஒருவரைச் சுறாவிடமிருந்து நீமோ காப்பாற்றும் இடம் உண்டு. மன்னார் வளைகுடாவில் மூச்சடக்கி இறங்கிய நம்மவர்களை அந்தப் பிரெஞ்சுக்காரர் மறக்கவில்லை.

● இக்கால டார்பிடோ பல நேரம் கப்பலைத் தொடுவதே இல்லை. அடிமரத்துக்குக் கீழே போய் வெடிக்கும். வெடித்த வாயு பெருங்குமிழாக எழுந்து கப்பலின் நடுவைத் தூக்கும். குமிழ் உடைந்ததும் அடியில் தாங்க ஒன்றும் இருக்காது. கப்பல் தன் பாரத்திலேயே முதுகு ஒடிந்துபோகும்.

● 1971 டிசம்பர் 9 இரவு டையூவுக்கு அப்பால் ஐ.என்.எஸ். குக்ரியைப் பாகிஸ்தானின் ஹங்கோர் நீர்மூழ்கி டார்பிடோவால் அடித்தது. சில நிமிடங்களில் கப்பல் மூழ்கியது. 18 அதிகாரிகள், 176 மாலுமிகள். கேப்டன் மகேந்திரநாத் முல்லா கப்பலை விட்டு இறங்கவில்லை. இரண்டாம் உலகப் போருக்குப் பின் நீர்மூழ்கி ஒன்று மூழ்கடித்த முதல் போர்க்கப்பல் அது. ஒலியால் நீர்மூழ்கியைத் தேடும் கருவியான சோனாரின் கேட்கும் தூரத்தைக் கூட்டும் சோதனை ஒன்று அன்று கப்பலில் நடந்துகொண்டிருந்தது. அதற்காக வேகத்தைக் குறைத்து ஓட வேண்டியிருந்தது.

குக்ரிக்கு நீர்மூழ்கி ஏன் கேட்கவில்லை? வெப்பக் கடலின் குணம் அது. நீர் சூடாக இருந்தால் அதில் ஒலி வேகமாகப் போகும், குளிர்ந்தால் மெதுவாக. நம் கடலின் மேல்நீர் வெயிலில் காய்கிறது, ஆழத்தில் குளிர்கிறது. ஒலி எப்போதும் மெதுவான பக்கம் வளையும். எனவே சோனார் அனுப்பும் ஒலி நேரே போகாமல் கீழ்நோக்கி வளைந்துவிடும். சற்றுத் தொலைவில் ஒலியே எட்டாத ஒரு நிழல் உண்டாகும். அந்த நிழலுக்குள் நீர்மூழ்கி நிம்மதியாக நிற்கலாம். பிற்பகல் வெயிலுக்குப் பின் இது இன்னும் மோசம். குளிர்க்கடலுக்காகச் செய்த சோனார் இங்கே தடுமாறியதற்கு இது பெரிய காரணம். ஆழம் குறைந்த கரையோரத்தில் கொடுக்கைச் சொடுக்கும் சிறு இறால் கூட்டம் வேறு, எண்ணெயில் கடுகு வெடிப்பதுபோல் ஓயாமல் ஒலி கிளப்பும்.

● இந்தக் குறையைத் தீர்க்க உழைத்தவர் பொள்ளாச்சியில் பிறந்தவர். ஆரோக்கியசாமி பால்ராஜ், 1944-ல் பிறந்தவர், 15 வயதில் தேசிய பாதுகாப்புக் கழகத்தில் சேர்ந்து கடற்படை அதிகாரியானார். குக்ரி மூழ்கியபின், கைவசம் இருந்த பிரிட்டிஷ் சோனாரின் கேட்கும் திறனைக் கூட்டித் தந்தார். பிறகு 1977 முதல் 1983 வரை கொச்சியில் கடற்படை ஆய்வகத்தில் அவர் தலைமையில் ‘அப்சோ’ என்ற இந்திய சோனார் உருவானது. கோதாவரி வகைக் கப்பல்கள் அதைத் தாங்கின. பின்னாளில் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டுக்குப் போனவர், பல ஆன்டெனாக்களை ஒன்றாக இயக்கி ஒரே அலைவரிசையில் பல மடங்கு செய்தி அனுப்பும் முறையை முன்வைத்தார். இன்று நம் கைபேசியிலும் வைஃபையிலும் ஓடுவது அதன் வழிவந்த நுட்பம். பல காதுகளால் கடலைக் கேட்டவர் பல ஆன்டெனாக்களுக்குப் போனது எனக்கு இயல்பான தொடர்ச்சியாகவே படுகிறது. 2010-ல் பத்மபூஷண், 2014-ல் மார்க்கோனி பரிசு. பொள்ளாச்சி என்றதும் சினிமாப் படப்பிடிப்பு மட்டும் நினைவுக்கு வருவது நியாயமில்லை.

● அந்த ஆய்வகம் இன்று திருக்காக்கரையில் இருக்கிறது. ‘சாகர்த்வனி’ என்ற அதன் ஆய்வுக் கப்பல் 1994 முதல் கடலின் வெப்பத்தையும் உப்பையும் ஒலியையும் அளந்து வருகிறது. நீர்மூழ்கி எதிர்ப்புப் போர்முறையைக் கடற்படையினர் கற்கும் பள்ளியும் கொச்சியில்தான். கொச்சின் ஷிப்யார்டு கட்டிய மாஹே, மால்வன், மங்ரோல் என்ற மூன்று நீர்மூழ்கி வேட்டைக் கப்பல்கள் 2023 நவம்பர் 30-ல் ஒரே நாளில் தண்ணீரில் இறங்கின. ஆழம் குறைந்த கரையோரத்தில், டார்பிடோ ஏந்திக் காவல் செய்ய வேண்டியவை.

● இப்போது அக்கிலீஸ். பிரிட்டிஷ் கடற்படையில் அந்தப் பெயரில் ஒரு போர்க்கப்பல் இருந்தது. 1939 டிசம்பர் 13-ல் தென்னமெரிக்காவின் பிளேட் ஆற்று முகத்துவாரத்துக்கு அப்பால் ஜெர்மனியின் கிராஃப் ஸ்பீயோடு மோதியது. 1948-ல் அதை இந்தியா வாங்கி டெல்லி என்று பெயரிட்டது. அந்தப் போரை 1956-ல் பிரிட்டிஷார் திரைப்படமாக எடுத்தபோது, அக்கிலீஸ் வேடத்தில் நடித்தது அதே கப்பல், நம் டெல்லி.

எம்டனில் விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை இருந்தார் என்று தமிழ்நாட்டில் இன்றும் சொல்வார்கள். 1914 செப்டம்பரில் அவர் ஐரோப்பாவில் இருந்தார். சூரிச்சில் இந்திய விடுதலைக்காகக் குழு அமைத்துக்கொண்டிருந்தார். கப்பல் கதை பொய்யானாலும் கப்பல் ஆசை மெய். விடுதலை பெற்ற நாட்டின் கொடி பறக்கும் போர்க்கப்பலில் ஊர் திரும்ப வேண்டும் என்பது அவர் விருப்பம். 1934-ல் பெர்லினில் இறந்தார். மனைவி லட்சுமிபாய் அவர் சாம்பலை முப்பது ஆண்டுக்கு மேல் காத்து வைத்திருந்தார். 1966 செப்டம்பரில் மும்பையிலிருந்து ஐ.என்.எஸ். டெல்லியில் அது புறப்பட்டது. பிரிஸ்டோ வெட்டிய வழியாகக் கப்பல் கொச்சிக்குள் நுழைந்தது.